பழைய ஆட்டக் காயங்களும் நடுவயது உடல்நலமும்

பிழைப்பின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் வந்த தமிழர், தம்முடன் கொண்டுவந்த உடைமைகளுள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒன்று உண்டு. அது ஊர்த் திடலில் பெற்ற காயம். சடுகுடு ஆடுகையில் திருகிக்கொண்ட முழங்கால், கைப்பந்தாட்டத்தில் துள்ளி இறங்குகையில் பிசகிய கணுக்கால், கட்டாந்தரையில் கிரிக்கெட் பந்தைப் பாய்ந்து பிடித்தபோது இடம் பெயர்ந்த தோள் ஆகிய இவையெல்லாம் இருபது வயதில் ஓரிரு வாரங்களில் ஆறிவிட்டதாகவே எண்ணப்பட்டன. நாற்பதைத் தாண்டிய பின்னர் அவை மீண்டும் தலைகாட்டுகின்றன. படி இறங்கும்போது முழங்கால் நறநறக்கிறது. மார்கழிக் குளிரில் தோள் உயர மறுக்கிறது. ஓடும் பேருந்தைப் பிடிக்க நாலு எட்டு வைத்தால் கணுக்கால் மடங்குகிறது.

இந்நிலையில் நம்மவர் மேற்கொள்ளும் போக்குகள் பெரும்பாலும் இரண்டே. ‘இனி நமக்கு ஓட்டம் எதற்கு, ஆட்டம் எதற்கு’ என்று முற்றாக ஒதுங்கிவிடுவோர் ஒரு சாரார். பொங்கல் விழாவில் தமிழ்ச் சங்கத்தார் நடத்தும் கயிறிழுக்கும் போட்டியிலோ சடுகுடுப் போட்டியிலோ, இருபது ஆண்டுகள் இடைவெளி ஏதும் இல்லாதது போல் இறங்கிவிடுவோர் மற்றொரு சாரார். முன்னவர் மெல்ல மெல்ல வலுவிழக்கின்றனர். பின்னவர் ஒரே நாளில் மருத்துவமனை சேர்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே அறிவுக்கு உகந்த நடுவழி ஒன்று உண்டு. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தி என்று கருதலாகாது. தலைநகரில் ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வடிகாலின் கரையில், மதராசி கேம்ப் என்னும் தமிழர் குடியிருப்பு பல பத்தாண்டுகள் இருந்ததை நேயர்களுள் பலர் அறிவர். அங்கு வாழ்ந்தோருள் பெரும்பாலோர் வீட்டுவேலை, வண்டியோட்டுதல், துப்புரவு, சிறு வியாபாரம் போன்ற உடலுழைப்பால் வாழ்ந்தவர்கள். சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கு நடந்தே சென்று வேலை செய்து திரும்பும் வாய்ப்பு அவ்விடத்தின் பெரும் நன்மையாக இருந்தது. வடிகாலைச் செப்பனிட்டு மழைவெள்ளம் தேங்காமல் தடுக்க வேண்டும் என்னும் காரணத்தால், டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து, 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் அங்கு இருந்தன. அவற்றுள் பாதியை ஒட்டிய குடும்பங்களே மாற்று வீட்டிற்கு உரியவை என முதற்கண் கண்டறியப்பட்டன. அந்த மாற்று வீடுகள் அமைந்த இடமோ நகரின் வடமேற்கு ஓரத்தில் உள்ள நரேலா.

அந்நிகழ்ச்சியின் மற்றக் கூறுகளை ஆராய்வது இவ்வுரைக்குப் புறம்பானது. உடல்நலத்தின் கண்கொண்டு நோக்கினால் மட்டும் ஓர் உண்மை புலனாகும். நடந்து சென்று செய்த வேலைக்கு நெடும்பயணம் செய்ய வேண்டி வரும்போது, உடலின் அன்றாட இயக்கம் அடியோடு மாறிவிடுகிறது. பேருந்தில் நின்றபடியும் அமர்ந்தபடியும் பல மணி நேரம் கழிகிறது. ஓய்வும் உறக்கமும் குறைகின்றன. பழைய காயம் உள்ள முழங்காலுக்கு இவை யாவும் பகையே. அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் நம்போன்றோர் முழங்கால் வலித்தால் விடுப்பு எடுக்கலாம். நாள் கூலிக்கும் மாதக் கூலிக்கும் வீட்டுவேலை செய்யும் அம்மையாருக்கோ, மூட்டை தூக்கும் அண்ணனுக்கோ கால் ஓடினால்தான் அடுப்பு எரியும். ஆகவே உடலை மீட்டுக்கொள்வது என்பது அவர்தம் வாழ்வாதாரத்தை மீட்டுக்கொள்வதே ஆகும்.

இனி, காயத்தின் இயல்பினைக் காண்போம். ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஒரே தொடரில் மூன்று வெவ்வேறு உறுப்புகள் அடங்கியுள்ளன. எலும்பை எலும்போடு பிணைப்பது ஒன்று. அதனை இணைப்பு நார் எனலாம். தசையை எலும்போடு பிணைப்பது மற்றொன்று, அது தசைநாண். எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான உறையும், முழங்காலின் நடுவே பிறைநிலா வடிவில் அமைந்திருக்கும் மெத்தை போன்ற பகுதியும் குருத்தெலும்பு வகையைச் சார்ந்தவை. இம்மூன்றும் ஆறும் வகையும் ஆறும் காலமும் வேறு வேறு. எனவே எது கிழிந்தது என்று அறியாமல் எல்லாவற்றிற்கும் ஒரே வைத்தியம் செய்வது பயன் தராது.

தசையில் குருதியோட்டம் மிகுதி; ஆதலின் அது விரைவில் ஆறும். தசைநாணுக்குக் குருதியோட்டம் குறைவு. அது வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். குருத்தெலும்பின் உறைக்கோ குருதிக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டினுள் ஊறும் நீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகிறது. கடற்பஞ்சை அழுத்தி விட்டால் நீரை உறிஞ்சுவது போல, மூட்டு மடங்கி நீளும்போதெல்லாம் அந்நீர் குருத்தெலும்பினுள் சென்று வருகிறது. இதிலிருந்து தெளிவாவது யாதெனில், ‘தேய்ந்த மூட்டை அசைத்தால் மேலும் தேயும்’ என்னும் பொதுவான நம்பிக்கை முழு உண்மையன்று. அளவோடு அசைப்பதே மூட்டுக்கு உணவு. அசைக்காமல் விடுவதே அதற்குப் பட்டினி.

அடுத்து, காயம் ஆறிய பின்னும் எஞ்சி நிற்கும் குறைகள் யாவை? முதலாவது, தசை மெலிவு. முழங்காலில் அடிபட்டு வீங்கியவுடன், தொடையின் முன்புறத் தசையை முழுவதும் சுருங்க விடாமல் நரம்பு மண்டலமே தடுத்துவிடுகிறது. அடிபட்ட காலைக் காப்பதற்கு உடல் செய்யும் ஏற்பாடு அது. ஆனால் வீக்கம் வடிந்த பின்பும் அத்தடை ஓரளவு நீடிக்கிறது. அதனால் ஒரு தொடை மற்றொன்றை விட மெலிந்தே இருக்கிறது. இரண்டாவது, நிலையுணர்வுக் குறைவு. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நம் பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்று உணர்த்தும் நுண்ணிய உணர்முனைகள் இணைப்பு நார்களில் உள்ளன. நார் கிழியும்போது அவையும் பழுதாகின்றன. ஒரு முறை பிசகிய கணுக்கால் மறுபடி மறுபடி பிசகுவதற்கு இதுவே காரணம். மூன்றாவது, மூட்டழற்சி. முழங்காலின் முன் குறுக்கு நார் கிழிந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து முதல் இருபது ஆண்டுகளுக்குள் அம்மூட்டில் தேய்மான நோயின் அறிகுறி காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. இருபதில் பட்டது நாற்பதில் வலிப்பதன் கணக்கு இதுதான்.

இவற்றோடு வயதின் விளைவும் சேர்கிறது. முப்பது வயதிற்குப் பின், பயிற்சி இல்லாத உடலில் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு வரை தசை குறைகிறது. தசை குறையக் குறைய அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று முழங்கால் தேய்மானம் உடையோரிடம் நடத்திய ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. அப்படியாயின், ஐந்து கிலோ எடையைக் குறைப்பவர் ஒவ்வோர் அடியிலும் இருபது கிலோ அரிசி மூட்டை ஒன்றை முழங்காலினின்று இறக்கி வைக்கிறார் என்றே கொள்ளலாம்.

நடுவயதில் மீட்சி கூடுமா என்று ஐயுறுவோர்க்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள. சென்னையில் வளர்ந்த மேசைப்பந்தாட்ட வீரர் சரத் கமல் 1982இல் பிறந்தவர். 2006ஆம் ஆண்டு மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றவர். 2015இல் தொடையின் பின்புறத் தசையில் அவருக்குக் கடுமையான காயம் நேர்ந்தது. அதினின்று மீண்டு, 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் இரண்டு வெண்கலப் பதக்கங்களில் பங்கு பெற்றார். 2022இல் பர்மிங்காம் நகரில், நாற்பது வயது நிறைந்த சில வாரங்களில், ஒற்றையர், கலப்பு இரட்டையர், ஆடவர் அணி ஆகிய மூன்றிலும் தங்கமும், ஆடவர் இரட்டையரில் வெள்ளியும் வென்றார். முதல் ஒற்றையர் தங்கத்திற்கும் இதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தேசியக் கொடி ஏந்திச் சென்றபின், 2025 மார்ச்சில் சென்னையிலேயே ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார்.

பெண்டிர்க்கும் சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பா, முழங்கால் சிகிச்சைக்குப் பின் மீண்டும் களம் இறங்கி, 2025 அக்டோபரில், தமது 39ஆம் வயதில், ஜப்பான் ஓபன் பட்டத்தை வென்றார். குடகு நாட்டைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணாவின் முழங்கால்களில் குருத்தெலும்பு பெரிதும் தேய்ந்திருந்தது. ஐயங்கார் முறை யோகப் பயிற்சியினால் வலி நீங்கப் பெற்றதாக அவரே கூறியுள்ளார். 2024 ஜனவரியில், 43 வயதில், அவர் ஆஸ்திரேலிய ஓபன் ஆடவர் இரட்டையர் பட்டத்தைத் தம் கூட்டாளியுடன் வென்றார்.

இவர்களுக்குப் பயிற்சியாளரும் மருத்துவரும் உடனிருந்தனர், நமக்கு யார் இருக்கிறார் என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாம் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. மாடிப்படி ஏறினால் போதும், பேரப்பிள்ளையைத் தூக்கினால் போதும், அறுபது வயது வரை வேலை செய்தால் போதும். ஆயினும் அவர்களுடைய மீட்சியில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. அவர்கள் காயத்தை மறந்து ஆடவில்லை. காயத்தின் காரணமாக ஆட்டத்தைத் துறக்கவும் இல்லை. காயம் பட்ட உறுப்பைச் சுற்றியுள்ள தசைகளை நாள்தோறும் பேணி, உடலின் வரம்பை அறிந்து நடந்துகொண்டனர். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

பயிற்சி தொடங்குமுன் மருத்துவரைக் காண வேண்டியவர் யார்? மூட்டு அடிக்கடி வீங்குபவர். முழங்கால் திடீரென மடங்கிக் காலை வாரிவிடுபவர். மடக்கிய மூட்டை நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்பவர். இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி உடையவர். மூட்டு சிவந்து காய்ச்சலும் காண்பவர் ஆகியோர் முதலில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உடையவர்களும், நடக்கையில் மார்பில் இறுக்கம் உணர்பவர்களும் இதயப் பரிசோதனை செய்துகொண்ட பின்னரே தொடங்க வேண்டும். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர். தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர் நம்மிடையே பலர் என்பதை மறத்தலாகாது.

டெல்லியில் வாழ்வோர்க்கு ஒரு செய்தி. சப்தர்ஜங் அரசு மருத்துவமனையில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனி மையம் ஒன்று 2010இல் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் உள்ள இயன்முறை மருத்துவப் பிரிவில் பயிற்சிகளை நேரில் கற்றுக்கொள்ளலாம். மொழி தடையாகும் என்று அஞ்சுவோர் சில இந்திச் சொற்களை அறிந்து சென்றால் போதும். முழங்காலுக்கு ‘குட்னா’ என்றும், சுளுக்குக்கு ‘மோச்’ என்றும், வீக்கத்திற்கு ‘சூஜன்’ என்றும், வலிக்குத் ‘தர்த்’ என்றும் வடபுலத்தார் கூறுவர். எந்த ஆண்டில், எந்த ஆட்டத்தில், எவ்வாறு அடிபட்டது, அப்போது ‘படக்’ என்று ஓசை கேட்டதா, உடனே வீங்கியதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது நலம். இருபது ஆண்டுக்கு முந்தைய செய்தியாயினும் மருத்துவருக்கு அது பெரிதும் பயன்படும்.

ஊர் வைத்தியம் பற்றியும் ஒரு சொல். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் கலந்து பற்றுப் போடுவதும், எண்ணெய் தேய்த்து நீவி விடுவதும், கட்டுப் போடுமிடத்திற்குச் சென்று மூங்கில் தப்பை வைத்துக் கட்டிக்கொள்வதும் நம் வழக்கம். பழகிய வலிக்கு இளஞ்சூட்டு எண்ணெய் தேய்ப்பதால் இதம் உண்டு, தவறில்லை. ஆனால் புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்தை அழுத்தி நீவுவது உட்கசிவை மிகுவிக்கும். எலும்பு முறிந்ததா, நார் அறுந்ததா என்று படம் எடுத்துப் பாராமல் இறுகக் கட்டிக்கொள்வதும் ஆபத்தானது. அதுபோலவே, மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரை, வலியை மறைக்குமேயன்றி வலுவைத் தராது. நெடுநாள் உட்கொண்டால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகத்திற்குக் கேடும் விளையும். இரத்தக் கொதிப்பு உடையவர்க்கு இவ்வபாயம் மிகுதி.

இனிப் பயிற்சி முறையைக் கூறுவோம். இதற்கு ஒரு சுவரும் ஒரு நாற்காலியும் ஒரு துண்டும் இருந்தால் போதும். நரேலாவின் சிறு வீடாயினும், பம்பாயின் ஒற்றை அறையாயினும் இடம் போதாது என்று சொல்வதற்கில்லை.

முதல் மாதம் தசையை எழுப்பும் காலம். தரையில் காலை நீட்டி அமர்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலின் கீழ் வைத்து, அத்துண்டைத் தரையோடு அழுத்த வேண்டும். ஐந்து வரை எண்ணி விடுக. இவ்வாறு பத்து முறை. தொடைத் தசை கல் போல் இறுகுவதைக் கையால் தொட்டு உணரலாம். பின்னர் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, மற்றக் காலை மடக்காமல் ஒரு முழ உயரம் தூக்கி இறக்குக. அடுத்து, இரு முழங்கால்களையும் மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மேலே உயர்த்தி இறக்குக. இதனால் புட்டத்துத் தசையும் தொடையின் பின்புறத் தசையும் வலுப்பெறும். இவற்றுடன் நாள்தோறும் பத்து நிமிடம் சமதரையில் நடத்தல் போதுமானது.

இரண்டாம் மாதம் நிமிர்ந்து நின்று செய்யும் பயிற்சிகள். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெல்ல அமர்வது முதலாவது. விரைந்து எழுவதினும் மெல்ல அமர்வதே பயன் மிக்கது. தசைநாணை உரமாக்குவது இறங்கும் அசைவேயாகும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, மூன்று வரை எண்ணி இறக்குவது இரண்டாவது. ஒற்றைக் காலில் முப்பது நொடி நிற்பது மூன்றாவது. பல் துலக்கும் நேரத்தில் இதனைச் செய்துவிடலாம். எளிதான பின் கண்ணை மூடிச் செய்க. சுவர் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். பிசகிப் பிசகி நொந்த கணுக்காலுக்கு இதனினும் சிறந்த மருந்து இல்லை. தோள் வலி உடையோர் சுவரில் கை ஊன்றித் தண்டால் போலச் சாய்ந்து நிமிரலாம். ஒரு லிட்டர் நீர் நிரம்பிய போத்தல் ஒரு கிலோ எடை. அதுவே போதிய கருவி.

மூன்றாம் மாதம் இப்பயிற்சிகளை ஒற்றைக் காலில் செய்யப் பழகுவதும், படியேறுதலும், விரைந்து நடத்தலும். நடையின் வேகத்திற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியலாகாது. இதுவே நடுத்தர உழைப்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வளர்ந்தோர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் இத்தகைய உழைப்பும், வாரத்தில் இரண்டு நாளேனும் தசையை வலுவாக்கும் பயிற்சியும் தேவை. நாள் ஒன்றுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் முதற்கணக்கு நிறைந்துவிடும்.

வலி வந்தால் நிறுத்துவதா, தொடர்வதா என்பதே பலரைக் குழப்பும் வினா. பழைய காயத்தை உடையோர் வலியே இல்லாமல் பயில வேண்டும் என்று காத்திருந்தால் ஒரு நாளும் தொடங்க இயலாது. பத்துக்கு மூன்று அல்லது நான்கு என்று மதிக்கத்தக்க சிறு வலி, பயிற்சி முடிந்த மறுநாள் காலைக்குள் அடங்கிவிடுமாயின் அஞ்ச வேண்டியதில்லை. மறுநாளும் நீடித்தாலோ, மூட்டு வீங்கினாலோ, முந்தைய வாரத்தின் அளவிற்குத் திரும்புதல் வேண்டும். கூட்டும் அளவும் சிறிதாகவே இருக்கட்டும். இந்த வாரம் இருபது நிமிடம் நடந்தவர் அடுத்த வாரம் இருபத்திரண்டு நிமிடம் நடக்கலாம். நாற்பது நிமிடம் நடக்கலாகாது. தசை சில வாரங்களில் வலுப்பெற்றாலும் தசைநாண் வலுப்பெற மாதங்கள் ஆகும் என்று முன்னரே கூறினோம். ‘உடம்பு இப்போது நன்றாக இருக்கிறதே’ என்று தோன்றும் ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் பலர் மிகை செய்து மறுபடி காயம் கொள்கின்றனர்.

உடலுழைப்பாளிகள், ‘நாள் முழுதும் வேலை செய்கிறோமே, இதற்கு மேல் பயிற்சி எதற்கு’ என்று கேட்பதுண்டு. வேலை வேறு, பயிற்சி வேறு. குந்தியபடி தரை துடைப்பதும், ஒரே பக்கமாகச் சுமை தூக்குவதும் சில தசைகளையே மீண்டும் மீண்டும் வருத்துகின்றன. நலிந்த தசையை அவை தேடிச் சென்று வலுவாக்குவதில்லை. எனவே அவர்களுக்குத் தேவை நெடிய நடைப் பயிற்சியன்று. மேலே கூறிய தொடை, புட்டப் பயிற்சிகள் வாரத்தில் மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம் போதும். குந்தி அமர்ந்து செய்யும் வேலையைக் கூடுமானவரை நீண்ட கைப்பிடித் துடைப்பத்தாலும் சிறு முக்காலியாலும் மாற்றிக்கொள்ளலாம். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் வீட்டார் நம்மவராயின், ஒரு நீண்ட துடைப்பம் வாங்கித் தருவது அவர்க்குப் பெரிய செலவன்று. நெடும்பயணம் செய்வோர், பேருந்தில் நிற்கையில் கம்பியைப் பற்றியபடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். அமர்ந்திருக்கையில் அரை மணிக்கு ஒரு முறை முழங்காலை நீட்டி மடக்கலாம்.

தட்பவெப்பத்தையும் கருதுதல் வேண்டும். டெல்லியில் நவம்பர் முதல் ஜனவரி வரை விடியற்காலைக் காற்று மாசு மிகுந்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் அதிகாலையில் எழுந்து பூங்காவில் மூச்சு வாங்க நடப்பது அம்மாதங்களில் நன்மை பயக்காது. காற்று மிகவும் கெட்ட நாளில் வீட்டினுள்ளேயே பயில்க. மற்ற நாளில் வெயில் ஏறிய பின் நடக்க. குளிரில் தசை இறுகியிருக்கும் ஆதலின் முதல் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றும் எளிய அசைவுகளுக்கே ஒதுக்க வேண்டும். மே, ஜூன் மாத வெப்பத்திலோ வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

உணவில் புரதம் குறைந்தால் பயிற்சி பலன் தராது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் புரதம் என்று எளிதாக நினைவிற் கொள்ளலாம்; சிறுநீரக நோய் உடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு கொள்க. சோறும் சாம்பாரும் மட்டும் உண்போர்க்கு இது நிறைவதில்லை. வடநாட்டில் மலிவாகக் கிடைக்கும் ராஜ்மா, கொண்டைக்கடலை, தயிர் ஆகியவற்றையும், விலக்கில்லாதோர் முட்டையையும் நம் உணவோடு சேர்த்துக்கொள்வதில் தமிழ்ச் சுவை ஒன்றும் கெட்டுவிடாது.

மூன்று மாதம் முறையாகப் பயின்றவர் மீண்டும் ஆடலாமா? ஆடலாம், சில சோதனைகளில் தேறிய பின். முழங்கால் முழுதும் மடங்கி நீள வேண்டும். அரை மணி விரைந்து நடந்த மறுநாள் வீக்கம் காணலாகாது. நல்ல கால் ஒற்றையாகச் செய்யும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கையேனும் நொந்த கால் செய்ய வேண்டும். நல்ல காலால் இருபது முறை குதிகால் உயர்த்த முடிந்தால், மற்றக் காலால் பதினெட்டு முறையேனும் முடிதல் வேண்டும். இவற்றில் தேறாதவர் இன்னும் சில வாரம் பொறுப்பதே அறிவுடைமை. தேறியவரும் திடீரெனத் திரும்பி, பாய்ந்து, மோதும் சடுகுடுவில் இறங்குவதை விட, பூப்பந்து, கைப்பந்து போன்ற ஆட்டங்களில் அரை வேகத்தில் தொடங்குவது நலம். குதிகாலின் பின்னுள்ள பெரிய தசைநாண் அறுந்து போவது முப்பது முதல் ஐம்பது வயதுக்குட்பட்ட, எப்போதேனும் ஒரு நாள் ஆடும் ஆடவர்க்கே மிகுதி என்பதை நினைவிற் கொள்க.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் நாற்பது வயது கடந்தோர்க்குப் போட்டி வைப்பது மகிழத்தக்கதே. அப்போட்டியை விழாவுக்கு மூன்று மாதம் முன்பே, அதாவது ஐப்பசியிலேயே அறிவித்து, வாரம் ஒரு நாள் கூடிப் பயில ஏற்பாடு செய்தால், விழா மேடை உடல்நல இயக்கமாகவும் ஆகும். தனியே பயில்பவர் இரண்டாம் வாரத்தில் சோர்கிறார். நால்வர் கூடினால் ஒருவரை ஒருவர் விடமாட்டார். மதராசி கேம்ப் போன்ற குடியிருப்புகள் தந்த பெரிய துணை அண்டை வீட்டாரின் குரலே. குடியிருப்பு கலைந்து மக்கள் நகரெங்கும் சிதறிய பின்னும், அக்குரலை வாரம் ஒரு முறையேனும் மீட்டுக்கொள்ள இது ஒரு வழி.

இளமையில் நம் உடலுக்கு நாம் ஆணையிட்டோம், அது கீழ்ப்படிந்தது. நடுவயதில் அதனோடு கலந்து பேசியே காரியம் கொள்ள வேண்டும். இன்று இரவு உறங்குமுன் ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலின் கீழ் வைத்துப் பத்து முறை அழுத்திப் பாருங்கள். எந்தத் தொடை தளர்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அந்தத் தொடையிலிருந்து தொடங்குங்கள்.